நிறக்குருடு: பெற்றோரும் மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரயில்வே தேர்வில் தேறி, மருத்துவப் பரிசோதனைக்குப் போன இடத்தில்தான் தனக்கு நிறக்குருடு இருப்பதை முதன்முதலாகத் தெரிந்துகொள்ளும் இளைஞர்கள் பலர். ஐந்து வயதிலேயே சில நிமிடத்தில் தெரிந்துவிடக்கூடிய ஒன்று, இத்தனை வருடம் கழித்து, அதுவும் வேலை கைக்கு வரும் நேரத்தில் தெரியவருவது கொடுமை. இந்தப் பக்கத்தை எழுத அதுதான் முக்கியக் காரணம்.

நிறக்குருடு என்றால் எல்லாமே கறுப்பு வெள்ளையாகத் தெரியுமா?

தெரியாது. நிறக்குருடு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் நிறங்களைப் பார்க்கிறார்கள். சில நிறங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் மட்டும் அவர்களுக்குக் குறைவாகத் தெரியும், அல்லது தெரியாமலே போகும். வானம் நீலம், மஞ்சள் மஞ்சள் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே வராது. பார்வைக் கூர்மையும் எல்லோரையும் போலத்தான். பேருந்து போர்டைத் தூரத்திலிருந்தே படித்துவிடுவார்கள். "குருடு" என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மருத்துவர்கள் நிறப்பார்வைக் குறைபாடு என்று எழுதுவதும் இதைத்தான்.

நிறமே தெரியாத நிலையும் உண்டு, ஆனால் மிக அரிது. ஏறக்குறைய 30,000 பேரில் ஒருவருக்கு வரும். அவர்களுக்குப் பகல் வெளிச்சத்தில் கண் கூசும், பார்வையே மங்கலாக இருக்கும், கண்மணி ஆடிக்கொண்டே இருக்கும். பசிபிக் கடலில் மைக்ரோனேசியாவைச் சேர்ந்த பிங்கெலாப் என்ற சின்னத் தீவில் மட்டும் இது சுமார் இருபது பேரில் ஒருவருக்காவது இருக்கிறது. 1775 வாக்கில் வீசிய புயலில் தப்பிப் பிழைத்த சிலரில் ஒருவர் அந்த மரபணுவைச் சுமந்தவர். வெளியுலகத் தொடர்பு குறைந்த அந்தத் தீவில், அவர் வழியாக அது தலைமுறைகளுக்குப் பரவியது.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

விழித்திரையில் கூம்பு செல்கள் என்று மூன்று வகை உண்டு. ஒரு வகை நீண்ட அலைநீள ஒளியையும், இன்னொன்று நடுத்தர அலைநீளத்தையும், மூன்றாவது குட்டை அலைநீளத்தையும் அதிகமாக உணரும். பேச்சு வழக்கில் சிவப்புக் கூம்பு, பச்சைக் கூம்பு, நீலக் கூம்பு என்கிறோம். மூளை இந்த மூன்றிலிருந்தும் வரும் தகவலை ஒப்பிட்டுத்தான் நிறத்தை முடிவு செய்கிறது. ஒரு வகைக் கூம்பு இல்லாமல் போனாலோ, அது உணரும் அலைநீளம் பக்கத்துக் கூம்பின் அலைநீளத்தை நெருங்கிவிட்டாலோ ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. சிவப்பு, பச்சைக் கூம்புகள் இயல்பாகவே நெருக்கமானவை. அவற்றின் உச்சங்களுக்கு இடையே 30 நானோமீட்டர் போலத்தான் இடைவெளி. அதனால் குழப்பம் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் வருகிறது.

எந்தெந்த நிறங்கள் குழம்பும்?

சிவப்பும் பச்சையும் என்று எல்லோரும் சொல்வது பாதி உண்மைதான். அடர்ந்த சிவப்பையும் பளிச்சென்ற பச்சையையும் பக்கத்தில் வைத்தால் பலர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். வீட்டில் மாட்டிக்கொள்வது வேறு நிறங்களில். பழுப்பும் கரும்பச்சையும், கத்தரிப்பூ நிறமும் நீலமும், வெளிர் ரோஸும் சாம்பலும், ஆரஞ்சும் கிளிப்பச்சையும். காக்கிச் சட்டையை "பச்சைச் சட்டை" என்றும், வெளிர் ரோஸ் புடவையை "அந்தச் சாம்பல் கலர் புடவை" என்றும் யாராவது சாதாரணமாகச் சொன்னால் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பச்சைக் கூம்பு பழுதான வகைதான் அதிகம் காணப்படுவது. சிவப்புக் கூம்பு பழுதானவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல்: சிவப்பு அவர்களுக்கு மங்கி, கறுப்பை ஒட்டித் தெரியும். முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு எரிவதும் அணைவதும் அவ்வளவு பளிச்சென்று தெரியாது. நீலம், மஞ்சள் பக்கம் குழம்புவது பிறவியில் மிக அபூர்வம். அது ஆண், பெண் இருவருக்கும் ஒரே அளவில் வரும்.

என் மகன் கலர் பெயர் எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறான். அப்படியென்றால் அவனுக்கு இல்லைதானே?

இதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இலை பச்சை, ரத்தம் சிவப்பு, யானை சாம்பல் என்பதெல்லாம் குழந்தை கேட்டுப் படித்த பாடம். கிரேயான் பென்சிலில் நிறத்தின் பெயர் அச்சடித்திருக்கும். அது தெரியாவிட்டாலும் பக்கத்தில் இருக்கிற பையன் எந்தப் பென்சிலை எடுக்கிறான் என்று பார்த்துக்கொள்வான். வெளிச்சம், பளபளப்பு, பொருளின் வடிவம், இடம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுச் சரியான பதிலைச் சொல்லிவிடுவார்கள். புத்திசாலிக் குழந்தைகள் இதை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். தாங்கள் எதையும் மறைப்பதாக அவர்களுக்கே தெரியாது, ஏனென்றால் உலகம் எல்லோருக்கும் இப்படித்தான் தெரிகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நவீன வேதியியலுக்கு அணுக் கொள்கையைத் தந்த ஜான் டால்டனே இருபதுகளின் நடுப்பகுதி வரை இதைக் கவனிக்கவில்லை. ஜெரானியம் பூ ஒன்று பகலில் வான நீலமாகவும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சிவப்பாகவும் தெரிவதைப் பார்த்து, மற்றவர்களிடம் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. அவருடைய சகோதரருக்கும் அப்படியே தெரிந்தது. 1794-ல் மான்செஸ்டரில் இதைப் பற்றி அவர் கட்டுரை வாசித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீல நிறமாக இருப்பதுதான் காரணம் என்று நம்பி, தான் இறந்த பிறகு கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தார். 1844-ல் திறந்து பார்த்தார்கள். திரவம் தெளிவாகவே இருந்தது. பத்திரப்படுத்தி வைத்திருந்த அந்தக் கண்ணின் திசுவை டி.என்.ஏ. சோதனை செய்து, அவருக்குப் பச்சைக் கூம்பின் நிறமி இல்லை என்று 1995-ல் உறுதி செய்தார்கள்.

அப்படியானால் குழந்தையிடம் எதைக் கவனிப்பது?

தனியாக, அவசரமில்லாமல் வரையும்போது பாருங்கள். மரத்தண்டுக்குப் பச்சையும் இலைக்குப் பழுப்பும் அடிக்கிறானா? முகத்துக்கு வெளிர்ப்பச்சை வருகிறதா? இது ஒருமுறை நடந்தால் விளையாட்டு, தொடர்ந்து நடந்தால் கவனிக்க வேண்டிய விஷயம்.

அப்புறம் வீட்டு வேலைகள். பச்சை மிளகாய்க் குவியலில் பழுத்த மிளகாயைப் பொறுக்கச் சொன்னால் நேரம் எடுத்துக்கொள்வது, தக்காளியை அமுக்கிப் பார்த்தே பழமா காயா என்று சொல்வது, கையில் மருதாணி எவ்வளவு சிவந்திருக்கிறது என்பதில் ஆர்வமே இல்லாதது, சார்ஜர் விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியதா என்று உங்களிடம் கேட்பது. கிரிக்கெட் விளையாடும்போது சிவப்புப் பந்து புல்லுக்குள் போனால், கண் முன்னால் கிடந்தாலும் தேடிக்கொண்டிருப்பது. ஆஸ்திரேலிய அணியின் முன்னாள் விக்கெட் கீப்பர் மேத்யூ வேடுக்கு நிறக்குருடு உண்டு. பகலிரவு ஆட்டத்தின் ரோஸ் நிறப் பந்தைக் கண்டுபிடிப்பது தனக்குக் கஷ்டம் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார்.

ஒரு வேண்டுகோள். சந்தேகம் வந்த நாளிலிருந்து "இது என்ன கலர், அது என்ன கலர்" என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்காதீர்கள். விருந்தாளி வந்தால் அவர் முன்னாலும் கேட்டுச் சிரிப்பது வழக்கமாகிவிடுகிறது. குழந்தைக்கு அது தினசரிப் பரீட்சை, அதுவும் ஒருபோதும் ஜெயிக்க முடியாத பரீட்சை. அழைத்துப்போய் ஒரே முறை முறையாகப் பார்த்துவிடுங்கள்.

முறையான சோதனை எது?

புள்ளி புள்ளியாக வட்டத்துக்குள் எண் தெரியும் அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-ல் வெளியிட்டவை அவை. ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது சோதிக்க உருவானவை. நூறு ஆண்டு தாண்டியும் நம்மூர்க் கண் மருத்துவமனைகளில் முதலில் எடுப்பது இதைத்தான்.

அட்டையில் உள்ள புள்ளிகள் வேண்டுமென்றே பல அளவிலும் பல வெளிச்சத்திலும் இருக்கும். வெளிச்சத்தை வைத்து ஊகிக்கும் வழியை அது அடைத்துவிடுகிறது. மிஞ்சுவது நிறம் மட்டும்தான். முதல் அட்டையில் உள்ள 12 எல்லோருக்கும் தெரியும். அதைக்கூட ஒருவர் படிக்கவில்லை என்றால், சோதனை புரியவில்லை அல்லது பார்வையில் வேறு கோளாறு என்று அர்த்தம். அடுத்து வருவதில் மற்றவர்கள் 8 என்று படிக்குமிடத்தில் சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ளவர்கள் 3 என்பார்கள். 29 அவர்களுக்கு 70 ஆகும். சில அட்டைகளில் எண்ணே தெரியாது. 26 என்ற அட்டையில் 6 மட்டும் பளிச்சென்று தெரிந்தால் சிவப்புக் கூம்பு பக்கம், 2 மட்டும் தெரிந்தால் பச்சைக் கூம்பு பக்கம். எண் படிக்கத் தெரியாத சிறு பிள்ளைகளுக்கு விரலால் கோட்டைத் தொடரும் அட்டைகள் தனியாக உண்டு.

38 அட்டைகள் கொண்ட தொகுப்பில் முதல் 21-ஐத்தான் மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்வார்கள். 17 அல்லது அதற்கு மேல் சரி என்றால் இயல்பான நிறப்பார்வை. 13 அல்லது அதற்குக் கீழே என்றால் குறைபாடு. பகல் வெளிச்சத்தில், முக்கால் மீட்டர் தூரத்தில், ஒரு அட்டைக்கு மூன்று நொடி. பழுப்பேறிப்போன பழைய புத்தகத்தை மஞ்சள் பல்புக்குக் கீழே வைத்துச் சோதித்தால் அந்த முடிவை நம்ப வேண்டாம், வேறிடத்தில் மறுபடி பாருங்கள்.

இஷிஹாரா சோதனைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. நீலம்-மஞ்சள் குறைபாட்டை அது பிடிக்காது. குறைபாடு இருக்கிறது என்று சொல்லும், எவ்வளவு கடுமை என்று நிச்சயமாகச் சொல்லாது. அதற்கு நிற வில்லைகளை வரிசையாக அடுக்கச் சொல்லும் ஃபார்ன்ஸ்வொர்த் சோதனையும், அனாமலோஸ்கோப் என்ற கருவியும், வேலைக்கான தேர்வுகளில் சிறு விளக்குகளைக் காட்டிக் கேட்கும் லான்டர்ன் சோதனையும் இருக்கின்றன.

போனிலேயே இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாமா?

சந்தேகம் தட்டுவதற்குப் பார்க்கலாம், முடிவுக்கு வருவதற்கு வேண்டாம். திரைக்குத் திரை நிறம் மாறும். இரவு நேர மஞ்சள் வெளிச்ச வசதி ஆனில் இருந்தால் எல்லாமே பிசகிவிடும்.

ஆண்களுக்கு ஏன் அதிகம்?

சிவப்பு, பச்சைக் கூம்புகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதில் பழுது என்றால் மாற்று இல்லை. பெண்ணுக்கு இரண்டு; ஒன்று பழுதானாலும் மற்றொன்று ஈடுகட்டிவிடும். வட ஐரோப்பிய வம்சாவளியில் ஆண்களில் 12 பேருக்கு ஒருவர், பெண்களில் 200 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. ஆசியாவில் இது குறைவு.

மகனுக்கு இருந்தால் அது அப்பாவிடமிருந்து வந்ததா?

அப்பாவிடமிருந்து மகனுக்கு வராது. மகனுக்கு அப்பா தருவது ஒய் குரோமோசோம், எக்ஸ் அம்மாவிடமிருந்துதான். அதனால் தாய்வழித் தாத்தாவையும் தாய்மாமன்களையும் விசாரியுங்கள். நிறக்குருடு உள்ள அப்பாவின் மகள்கள் எல்லோரும் அந்த மரபணுவைச் சுமப்பவர்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் எந்தக் குறையும் தெரியாது. அவர்களுடைய ஒவ்வொரு மகனுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இதைச் சொன்னதும் "உன்னால்தான் வந்தது" என்று அம்மாவைக் குற்றம் சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. தன் உடம்பில் எந்த மரபணு இருக்க வேண்டும் என்று யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. தயவுசெய்து அந்தப் பேச்சை வீட்டுக்குள் விடாதீர்கள்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் அதிகமாகுமா?

எந்தச் சொந்தம் என்பதைப் பொறுத்தது. நிறக்குருடு உள்ள ஒருவர் தன் அக்கா மகளை மணக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் அதே மரபணுவைச் சுமக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அவர் சுமப்பவராக இருந்தால், பிறக்கும் மகள்களுக்கும் பாதி வாய்ப்பு வந்துவிடும். பெண் குழந்தைக்கு நிறக்குருடு வருவது இப்படித்தான்: அப்பாவுக்கு இருந்து, அம்மாவும் சுமப்பவராக இருந்தால். அத்தை மகளை மணப்பதில் இந்தக் குறிப்பிட்ட வழி இல்லை, ஏனென்றால் அத்தை அப்பா பக்கத்து உறவு. ஆணின் எக்ஸ் அம்மா பக்கத்தது. நிறமே தெரியாத அந்த அரிய வகை வேறு. அதற்கு எந்த நெருங்கிய சொந்தமும் ஆபத்தைக் கூட்டும்.

பிறவியில் இல்லாமல் பிற்பாடு வருமா?

வரும். இதுவரை சொன்னதைவிட இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பிறவிக் குறைபாடு இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி இருக்கும், ஆயுசுக்கும் மாறாது, பார்வையைக் கெடுக்காது. நேற்றுவரை நன்றாகத் தெரிந்த நிறம் இன்று மங்கினாலோ, ஒரு கண்ணில் மட்டும் வித்தியாசமாகத் தெரிந்தாலோ அது நோயின் அடையாளம். உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

குறிப்பாகக் காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள். அந்தக் கூட்டு மருந்தில் எத்தாம்பியூட்டால் என்று ஒன்று உண்டு. இந்தியாவில் வழக்கமான ஆறு மாதச் சிகிச்சையில் முழுக் காலமும் அதைத் தருகிறார்கள். சிலருக்கு அது பார்வை நரம்பைப் பாதிக்கும். சிவப்பும் பச்சையும் மங்குவது அதன் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து மருத்துவர் அந்த மருந்தை மாற்றிவிட்டால் பலருக்குப் பார்வை மீள்கிறது, தாமதித்தால் நிரந்தரமாகப் போகவும் கூடும். அதே சமயம், பயந்து நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், காசநோய் முற்றிவிடும். மருந்து தொடங்கும்போதே ஒருமுறை நிறப்பார்வையைச் சோதித்து வைத்துக்கொண்டால் பிறகு ஒப்பிட வசதி. வீட்டில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிவப்புத் துணியைப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணால் பாருங்கள். சிவப்பு வெளுத்தது போலத் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். இரண்டு கண்ணும் சேர்ந்தே மங்கவும் செய்யும் என்பதால், இதில் வித்தியாசம் தெரியவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது.

சர்க்கரை நோயில் விழித்திரை பாதிக்கப்படும்போது நீலம்-மஞ்சள் பக்கம் முதலில் குழம்பும். கண்புரை வளர வளர எல்லாம் பழுப்பேறித் தெரியும். அறுவை முடிந்து கட்டைப் பிரித்ததும் "நீலம் இவ்வளவு நீலமா" என்று தாத்தா பாட்டிகள் ஆச்சரியப்படுவது இதனால்தான். மூட்டு வாதத்துக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயினை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களும் கண்ணைத் தவறாமல் சோதிக்க வேண்டும்.

குணப்படுத்த முடியுமா? கலர் தெரிய வைக்கும் கண்ணாடி வாங்கலாமா?

பிறவிக் குறைபாட்டுக்கு இன்றுவரை மனிதர்களுக்கு மருந்தோ அறுவையோ இல்லை. சொட்டு மருந்து, மூலிகை, கண் பயிற்சி என்று விளம்பரம் செய்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். 2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிறவியிலேயே சிவப்பு-பச்சை பிரிக்கத் தெரியாத இரண்டு அணில் குரங்குகளுக்கு மரபணுச் சிகிச்சை கொடுத்து, வளர்ந்த பிறகும் நிறம் பிரிக்க வைத்தார்கள். அதில் ஒரு குரங்கின் பெயர் டால்டன். மனிதர்களுக்கு அது இன்னும் சிகிச்சையாக வரவில்லை.

கண்ணாடி விஷயம்: அவை குறிப்பிட்ட அலைநீளங்களை வடிகட்டுகின்றன. அதனால் சில நிறங்களுக்கு இடையே வேறுபாடு கூடித் தெரியலாம். அதே நேரம் வேறு சில நிறங்கள் குழம்பலாம். இல்லாத கூம்பு செல்லை எந்தக் கண்ணாடியும் தராது. விலை அதிகம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கடையில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தேறிவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

டிரைவிங் லைசென்ஸ் கிடைக்குமா?

லேசான, நடுத்தரக் குறைபாடு என்றால் கிடைக்கும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 ஜூனில் விதிகளைத் திருத்தியது. கடுமையான குறைபாட்டுக்கு இன்னும் தடை உண்டு. சிக்னலில் சிவப்பு மேலே, பச்சை கீழே என்பதால் இடத்தை வைத்தே ஓட்டிவிடலாம். இரவில் தூரத்தில் ஒற்றை விளக்கு மட்டும் மினுக்கும்போது, அது சிக்னலா தெருவிளக்கா என்பதில்தான் தடுமாற்றம் வரும்.

எந்தெந்த வேலைக்குத் தடை?

ரயில் ஓட்டுநர், விமானி, ராணுவத்திலும் காவல் துறையிலும் பல பணிகள். ரயில்வேயில் இந்தக் கட்டுப்பாட்டின் வேர் 1875-ல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் நடந்த ரயில் விபத்து. அதன் பிறகு ஹோம்கிரென் என்ற உடலியல் பேராசிரியர், நிற நிறமான கம்பளி நூல்களைப் பிரித்து வைக்கச் சொல்லி ஊழியர்களைச் சோதித்தார். விபத்துக்கு உண்மையிலேயே நிறக்குருடுதான் காரணமா என்று பிற்கால ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினாலும், சோதனை உலகம் முழுக்கப் பரவிவிட்டது. சிக்னல் விளக்கை நம்பி ஆயிரம் பேரை இழுத்துப்போகும் வேலைக்கு இந்தச் சோதனை நியாயம் என்றே நானும் நினைக்கிறேன்.

ஆனால் தேவையில்லாத இடத்திலும் கதவைச் சாத்தும் பழக்கம் இருக்கிறது. நீதிமன்றங்கள் அதை ஒவ்வொன்றாகத் திறந்துவருகின்றன. 2017-ல் மருத்துவப் படிப்பு மறுக்கப்பட்ட மாணவர்களுக்கு இடம் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022-ல் புனே திரைப்படக் கல்லூரியில் இருந்த தடையை விலக்கச் சொன்னது. 2023 அக்டோபரில், தமிழ்நாடு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணி மறுக்கப்பட்ட ஒருவருக்கு, அவரால் செய்யக்கூடிய பணியைத் தந்து நியமிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் நிறக்குருடு இல்லை. அதனால் இட ஒதுக்கீடு கிடைக்காது. அந்தப் பட்டியலில் இல்லை என்பதற்காக வேலையை மறுக்கவும் கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

பத்தாம் வகுப்பு முடித்து குரூப் எடுப்பதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். எலக்ட்ரீஷியன் வேலை என்றால் பழைய வயரிங்கில் பேஸ் சிவப்பு, எர்த் பச்சை. அதைக் கண்ணால் மட்டும் நம்பக்கூடாது, டெஸ்டர் வைத்தே ஆக வேண்டும்.

ஆசிரியர்கள் என்ன செய்யலாம்?

கரும்பலகையில் முக்கியமான வரியைச் சிவப்புச் சாக்பீஸில் எழுதாதீர்கள். நிறக்குருடு உள்ள மாணவனுக்கு அது கறுப்புப் பலகையோடு கலந்துவிடலாம். வெள்ளையும் மஞ்சளும் போதும். வரைபடத்தில் நிறத்தோடு கோடு, புள்ளி, பெயர் என்று இன்னொரு அடையாளமும் இருக்கட்டும். ப்ளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் பெர்மாங்கனேட் தரம் பார்த்தலில் வெளிர் ரோஸ் வரும் புள்ளியை அவனால் பிடிக்க முடியாமல் போகலாம். உப்புப் பகுப்பாய்வில் சுடரின் நிறமும் அப்படித்தான். அவனைக் கவனக்குறைவானவன் என்று திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். பக்கத்தில் நிறம் சொல்ல ஒரு நண்பனை நிறுத்தினால் கணக்கை அவனே போட்டுவிடுவான்.

கல்யாணப் பேச்சில் சொல்ல வேண்டுமா?

சொல்லிவிடுவது நல்லது. வாழ்க்கையை முடக்கும் நோய் இல்லை, ஆயுளைக் குறைப்பதும் இல்லை. பிறக்கப்போகும் பேரனுக்குச் சீக்கிரமாகச் சோதனை செய்ய இந்தத் தகவல் உதவும். இதற்காக ஒரு சம்பந்தத்தை முறிப்பது அநியாயம்.

அன்றாடம் சமாளிக்க ஏதாவது வழி?

போனில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் நிறத் திருத்தம் என்று ஒரு வசதி இருக்கும். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உண்டு. கேமராவைக் காட்டினால் நிறத்தின் பெயரைச் சொல்லும் செயலிகளும் வந்துவிட்டன. துணியை மடிக்கும்போதே ஜோடி சேர்த்து வைத்துவிடலாம். பழம், கறி, குழந்தையின் உடம்பில் தடிப்பு, மலத்தில் ரத்தம் போன்றவற்றில் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லக் கூச்சப்படாதீர்கள், கடைசி இரண்டில் முக்கியமாக.

பரிசோதனைக்கு எங்கே போவது?

எந்தக் கண் மருத்துவமனையிலும் இஷிஹாரா அட்டை இருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் கண் பிரிவு, சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா என்று எங்கே வசதியோ அங்கே போகலாம். வழக்கமான கண் பரிசோதனை பெரும்பாலும் எழுத்துப் பலகையோடு முடிந்துவிடும். அதனால் "கலர் விஷனும் பாருங்கள்" என்று நீங்களே கேட்டு வாங்க வேண்டும். நான்கைந்து வயதிலிருந்தே செய்யலாம். குறைபாடு இருப்பதாகச் சொன்னால் எந்த வகை, லேசானதா கடுமையானதா என்பதை எழுத்தில் வாங்கி, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். லைசென்ஸ் எடுக்கும்போதும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.